மகள் மண்டையோடு வரைகிறாளா?

வணக்கம் அம்மா. நீட்டில் மதிப்பெண் வராதது ஒரு கவலை, நோட்டு முழுக்க மண்டையோடாக வரைந்து தள்ளுகிறாளே என்பது இன்னொரு கவலை என்று எழுதியிருந்தீர்கள். படங்களைப் பார்த்தேன். உச்சியில் இரண்டு எலும்புகள் சேரும் இடத்தை நேர்கோடாக இழுக்காமல், தையல் போட்டதுபோல் நெளிநெளியாக வரைந்திருக்கிறாள். அதன் பெயரே தையல் மூட்டுதான். கவனித்துப் பார்க்கிற பிள்ளை.

மண்டையோட்டில் 22 எலும்புகள்: மூளையைச் சுற்றி 8, முகத்தில் 14. அசைவது கீழ்த்தாடை மட்டும். இதை ஒரு மதிப்பெண் கேள்விக்காக எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள். உங்கள் மகளோ ஓரத்தில், "ஏன் ஒரே எலும்பாக இல்லை?" என்று எழுதி வைத்திருக்கிறாள்! அதற்கான பதில் உங்களுக்கே தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது அவளுடைய உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். எலும்புகள் அங்கே இன்னும் சேர்ந்திருக்காது. பிறக்கும்போது தலை சற்று நெருங்கிக் கொடுக்கவும், பிறகு மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். முன்பக்கக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுவாக்கில் மூடும். தையல் மூட்டுகள் இறுகுவதற்கோ பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் அவற்றைப் பார்த்து இறந்தவரின் வயதை ஓரளவு ஊகிக்கிறார்கள். பல்லும் கை கால் எலும்புகளின் நுனியும் இன்னும் நம்பகமான சாட்சிகள்.

படம் வரைவதை வீண் என்று நினைக்காதீர்கள். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து, 2025இல் அவர்களுடைய முகங்களை உருவாக்கிக் காட்டினார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதைச் செய்தது இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம். எந்த எலும்பின்மேல் எந்தத் தசை, எவ்வளவு தடிப்பு என்று தெரிந்தால்தான் அது முடியும். அங்கே உடற்கூறும் ஓவியமும் ஒரே வேலை.

சரி, படிப்பு. முதலில் அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பிடித்தது எலும்பா, நோயாளியா? நோயாளி என்றால் இன்னொரு முறை நீட் எழுதலாம். இல்லாவிட்டால் பிசியோதெரபி, ரேடியாலஜி இமேஜிங் இருக்கின்றன. சேர்க்கை விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள். எலும்புதான் என்றால் மானுடவியல், தடய அறிவியல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியலுக்குத் தனித் துறையே உண்டு. தடய அறிவியலில் ஓர் எச்சரிக்கை: டிவி தொடரில் பார்ப்பதுபோல் இருக்காது, அரசுப் பணியிடங்களும் குறைவு. பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் திண்டாட்டம்தான், எம்.எஸ்சி. வரை படிக்க வைக்க முடியுமா என்று இப்போதே கணக்குப் போடுங்கள்.

அதற்குள் பணம் கட்டிவிடாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டில் கிடைத்த பொருட்கள் இருக்கும் பகுதியில் அவளை விட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் நில்லுங்கள். அங்கே அவள் என்ன கேட்டாள் என்பதை எனக்கு எழுதுங்கள், அப்புறம் கல்லூரிப் பெயர்களைப் பேசுவோம்.