முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் வட்டப்பாதை: எந்தப் பக்கம் தொடங்குவது?

நீங்கள் நடக்கப்போகும் மலைப்பாதை 6 கி.மீ. வட்டம், 200 மீட்டர் ஏற்றம், ஒரு பக்கம் செங்குத்தான காடு, மறுபக்கம் சரிவு குறைந்த புல்வெளி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் யோசிக்காமல் காட்டுப் பக்கமாகவே ஏறுங்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம். காட்டு இறக்கத்தில் ஈர வேரும் சருகும் வேறு வழுக்கும். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் நல்லது, இறங்கும்போது சற்று நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன பழைய கணக்கு இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் வரும். அது நல்ல நடையாளிக்கு. அம்மாவுடன் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காட்சி பார்க்கத்தானே போகிறீர்கள்!

புல்வெளியில் தடம் சட்டென்று மறைந்துவிடும். நான் ஒருமுறை மாட்டுத்தடத்தைப் பாதையென்று நம்பி, நேராகச் சேற்றில் போய் நின்றேன். மரங்களை விட்டு வெளியே வந்ததுமே எதிர்ப்பக்கம் பாதை எங்கே தொடர்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், இடி கேட்டால் திறந்தவெளியில் நிற்க வேண்டாம், தனிமரத்தடியிலும் ஒதுங்க வேண்டாம்.