அந்த 'ஆமென்' எதற்கு? நற்கருணை குறித்த கேள்வி பதில்

கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவை ஒட்டி, நற்கருணையை (பூசையில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக அர்ச்சிக்கப்பட்டு வழங்கப்படும் அப்பமும் திராட்சை இரசமும்) பற்றி உறுப்பினர்கள் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தேன். வந்தவற்றுள் ஒரே பொருளுடையவற்றைச் சேர்த்து, கீழே விடையளித்திருக்கிறேன். நான் குருவானவர் அல்லன். நெடுங்காலமாகப் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) மறைக்கல்வி கற்பித்து வரும் பொதுநிலையினன். ஆகவே தனிப்பட்ட மனச்சான்றுச் சிக்கல்களில் என் விடையோடு நின்றுவிடாமல் உங்கள் பங்குத்தந்தையிடமும் பேசுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு எட்டு வயது. அடுத்த மாதம் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கப் போகிறாள். "பார்த்தால் அப்பமாகத்தானே இருக்கிறது, அது எப்படி இயேசு ஆகும்?" என்று கேட்கிறாள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஐயா.

பதில்: அம்மா, உங்கள் மகள் கேட்பது கப்பர்நாகும் தொழுகைக்கூடத்தில் எழுந்த அதே கேள்விதான். தம் சதை உண்மையான உணவு என்று இயேசு சொன்னபோது, இது ஏற்பதற்குக் கடினமான பேச்சு என்று சொல்லிச் சீடர்களில் பலர் விலகிப் போனதாக யோவான் நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுகிறது. போனவர்களைத் திரும்ப அழைத்து, 'நான் உவமையாகத்தான் சொன்னேன்' என்று அவர் சமாதானம் சொல்லவில்லை. எஞ்சியிருந்த பன்னிருவரிடம், நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா என்றே கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபை தன் நம்பிக்கையை அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நிறம், மணம், சுவை, வடிவம், எடை ஆகிய யாவும் அப்பத்துக்குரியனவாகவே நீடிக்க, அது 'எதுவாக இருக்கிறது' என்ற அடிப்படை மட்டும் மாறிவிடுகிறது என்பதே திருச்சபையின் போதனை. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) இந்த மாற்றத்தைக் குறிக்கும் சொல்லைப் பயன்படுத்தியது. 1551இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் அதை விரிவாக உறுதிப்படுத்தியது. அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் கோதுமை மாவுதான் தெரியும். அதைத் திருச்சபை மறுக்கவில்லை.

குழந்தைக்கு இவ்வளவும் தேவையில்லை. 1910இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகள் நன்மை வாங்கலாம் என்று வகுத்தபோது, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணை அப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் தம் வயதுக்கேற்ப உணர்ந்தால் போதும் என்றே கேட்கப்பட்டது. "நீ காண்பது அப்பத்தின் தோற்றம், உன்னிடம் வருபவர் இயேசு, இதைத் தம் உடல் என்று சொன்னவரும் அவரே" என்று சொல்லுங்கள். வெள்ளை உடைக்கும் விருந்துக்கும் செலவாகும் கவலையில் பாதியை இந்த மூன்று வாக்கியங்களுக்குக் கொடுத்தால் நன்றாயிருக்கும்.

கேள்வி (இந்து நண்பர் ஒருவர்): வேளாங்கண்ணிக்கு என் கிறிஸ்தவ நண்பருடன் சென்றிருந்தேன். பூசையில் அனைவரும் வரிசையில் சென்றபோது நானும் எழுந்தேன். நண்பர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். எங்கள் கோயிலில் பிரசாதம் யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. இங்கே மட்டும் ஏன் இப்படி?

பதில்: வருத்தத்தை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி, ஐயா. உணவைப் பகிர மறுப்பது நம் மண்ணில் தீட்டோடும் சாதியோடும் ஒட்டிக்கொண்டு வந்திருப்பதால், அந்த மறுப்பு வேறெந்த மறுப்பைக் காட்டிலும் ஆழமாகக் குத்தும் என்பதை நான் அறிவேன். உங்கள் நண்பர் உங்களைத் தாழ்ந்தவராகக் கருதி நிறுத்தவில்லை.

பிரசாதத்தோடு நீங்கள் ஒப்பிட்டது தவறான ஒப்பீடும் அன்று. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் நற்கருணையைச் 'சற்பிரசாதம்' என்றே வழங்கியிருக்கிறார்கள். இறைவனுக்குப் படைத்ததை அவரிடமிருந்தே அருளாகத் திரும்பப் பெறுவது என்ற அமைப்பு இரண்டிலும் இருக்கிறது. வேறுபாடு பெறுபவரிடம் தொடங்குகிறது. குருவானவர் அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்" என்கிறார். பெறுபவர் "ஆமென்" என்கிறார். 'ஆம், அவ்வாறே' என்னும் பொருளுடைய இந்த ஒற்றைச் சொல் ஓர் ஒப்புதல் கையெழுத்து. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராயிருந்த புனித அகுஸ்தினார், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு இதை விளக்கும்போது, மேசைமேல் வைக்கப்பட்டிருப்பது நீங்களே என்றார். கிறிஸ்துவின் உடலின் உறுப்புகளாய் இருப்பவர்கள் தாம் எதுவாக இருக்கிறார்களோ அதற்கே 'ஆமென்' சொல்கிறார்கள். அந்த ஆமென் மெய்யாகும்படி வாழுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள்.

ஆகவே கத்தோலிக்கர் அதில் இரண்டுக்கு ஒப்புதல் தருகிறார்கள்: இது கிறிஸ்து, நான் இந்தத் திருச்சபையில் ஓர் உறுப்பு. இவற்றை நம்பாத ஒருவரை அப்படிச் சொல்ல வைப்பது அவருடைய மனச்சான்றுக்கும் மரியாதை ஆகாது. இதே காரணத்தால்தான் பிற சபைக் கிறிஸ்தவர்களுக்கும், குறிப்பிட்ட சில சூழல்கள் தவிர, நாங்கள் நற்கருணை வழங்குவதில்லை. மெழுகுவத்தி ஏற்றவும் வேண்டிக்கொள்ளவும் ஆசீர் பெறவும் வேளாங்கண்ணியில் யாரும் யாரையும் எந்த மதம் என்று கேட்பதில்லை. உங்கள் நண்பர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அது எங்கள் பக்கத்துக் குறை.

கேள்வி: நன்மை வாங்குவதற்கு முன் காபி குடிக்கலாமா? என் மாமியார் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார்.

பதில்: உங்கள் மாமியார் சொல்வது அவர் காலத்துச் சட்டம், அவரைக் குறை சொல்லாதீர்கள். தண்ணீர் அந்த நோன்பை முறிக்காது என்று 1953இலும், உணவுக்கு மூன்று மணி நேரம் போதும் என்று 1957இலும் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தளர்த்தினார். 1964இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். இன்றும் அதுவே விதி. பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அன்று, நன்மை வாங்கும் நேரத்திலிருந்தே அதைக் கணக்கிட வேண்டும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் ஒரு மணி நேர விதியும் கட்டாயமில்லை.

கேள்வி: கொரோனா காலத்தில் தொலைக்காட்சியில் திருப்பலி (பூசை) கண்டு பழகிவிட்டோம். இப்போதும் வீட்டில் அமைதியாக, கவனம் சிதறாமல் காண முடிகிறது. கோவிலில் அந்தக் கவனம் வருவதில்லை. இதில் என்ன தவறு?

பதில்: கவனம்தான் நோக்கமென்றால் நீங்கள் சொல்வது சரியாகிவிடும். ஆனால் திருப்பலியில் காண்பதைவிடக் கூடுவதே முதலாவது. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் உரோமைப் பேரரசருக்குக் கிறிஸ்தவரைப் பற்றி விளக்கி எழுதிய புனித ஜஸ்டின், நகரங்களிலும் சிற்றூர்களிலும் வாழ்பவர் அனைவரும் ஞாயிறன்று ஓரிடத்தில் கூடுவதாகச் சொல்லித்தான் தொடங்குகிறார். வாசகம், மறையுரை, மன்றாட்டு, அப்பமும் இரசமும், 'ஆமென்' என்று இன்று நாம் காணும் வரிசை ஏறத்தாழ முழுவதும் அதில் இருக்கிறது. 304ஆம் ஆண்டில், கூடி வழிபடத் தடை இருந்தும் கூடியதற்காகக் கைதான வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊர் மக்கள், ஆண்டவருடைய நாளின் வழிபாடு இல்லாமல் எங்களால் வாழ முடியாது என்று நீதிபதியிடம் சொல்லி உயிரைக் கொடுத்தார்கள். அவர்கள் கூட்டத்திலும் குழந்தை அழுதிருக்கும், பக்கத்தில் இருந்தவர் இருமியிருப்பார்.

நோயாலோ, முதுமையாலோ, பிறரைப் பராமரிக்கும் கடமையாலோ வர இயலாதவர்களுக்கு ஞாயிறு கடமை இல்லை. அவர்களுக்குத் தொலைக்காட்சித் திருப்பலி பெரிய ஆறுதல். உங்களுக்கு அந்தத் தடைகள் இல்லையென்றால் கோவிலுக்கு வாருங்கள். விருந்தைத் திரையில் பார்த்து யாரும் பசியாறுவதில்லை.

கேள்வி: நாவில் வாங்குவதா, கையில் வாங்குவதா? எங்கள் அன்பியத்தில் (பங்கின் சிறு குடும்பக் குழு) இதைப் பற்றி ஒரே சண்டை.

பதில்: ஆயர் பேரவை அனுமதி பெற்றுள்ள இடங்களில் இரண்டும் முறையானவையே. 4ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வழங்கிய மறைக்கல்வி உரைகள், அரசரை ஏற்கும் அரியணைபோல இடக்கையை வலக்கைக்குக் கீழே வைக்கும்படி கற்பித்தன. பிறர் எப்படி வாங்குகிறார்கள் என்று வரிசையில் நின்று கணக்கெடுப்பவரே இதில் இழப்பவர்.

கேள்வி (கனடாவிலிருந்து): என் மகனுக்குக் கோதுமையிலுள்ள குளுட்டன் சேராது. அரிசி மாவு அப்பம் பயன்படுத்தலாமா?

பதில்: முடியாது; அப்பம் கோதுமையால் ஆனதாக இருக்க வேண்டும். ஆனால் குளுட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பம் செல்லும் என்று 2003இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியிருக்கிறது. குளுட்டன் அறவே இல்லாதது செல்லாது. அந்தச் சிறு அளவும் ஆகாதென மருத்துவர் சொன்னால், இரசத்தை மட்டும் பெறலாம். அப்பம், இரசம் ஆகிய இரண்டில் எந்த ஒன்றிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார் என்பதால் உங்கள் மகன் எதையும் இழப்பதில்லை. பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லி, அப்பத் துணுக்கு இடப்படாத தனிக் கிண்ணம் கேளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாகப் பூசைக்குப் போகிறேன், நன்மை வாங்குவதில்லை. பழைய பாவம் ஒன்று மனத்தை அறுக்கிறது. எனக்குத் தகுதியில்லை.

பதில்: சகோதரரே, சாவான (மிகக் கடுமையான) பாவம் இருப்பதாக உணர்பவர் முதலில் ஒப்புரவு அருட்சாதனம் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது) பெற வேண்டும் என்பது விதி, தகுதியற்ற நிலையில் உண்பதைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்குக் கடுமையாகவே எழுதினார். ஆனால் அந்த விதி, பாவத்தை அறிக்கையிடும் இடமான பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வாசலுக்குச் செல்ல வழிகாட்டுகிறதே தவிர, கோவிலின் கடைசி வரிசையில் பன்னிரண்டு ஆண்டுகள் உட்காரச் சொல்லவில்லை. தகுதி என்று நீங்கள் சொல்வது யாருக்கும் இல்லை. வாங்குவதற்குச் சற்று முன்னால், ஆண்டவரே நான் தகுதியற்றவன் என்று நற்செய்தியில் வரும் நூற்றுவர் தலைவரின் சொற்களில் முழுக் கோவிலும் சொல்கிறது. சொல்லிவிட்டுத்தான் எழுந்து போகிறது. நற்கருணை நிறைவுள்ளவர்களுக்கான பரிசு அன்று, வலுவற்றோருக்கான மருந்தும் உணவும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் எழுதினார். இந்த வாரமே ஒரு குருவானவரைப் பாருங்கள். சொந்தப் பங்கில் கூச்சமென்றால் பக்கத்துப் பங்குக்குப் போகலாம்.

கேள்வி: நடமாட முடியாத என் பாட்டிக்கு வீட்டில் நன்மை கொடுக்க வருவார்களா?

பதில்: வருவார்கள்; பங்கு அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் எடுத்துச் செல்வதை ஜஸ்டினே குறிப்பிட்டிருக்கிறார். கோவிலில் நற்கருணையை வைத்துக் காக்கும் பேழை இருப்பதற்கு முதற்காரணமும் நோயாளிகளே, ஆராதனை பின்னால் வளர்ந்தது. சிறு மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுவத்தி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), ஒரு குவளைத் தண்ணீர் வையுங்கள், தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். இறுதி நாள்களில் தரப்படும் நற்கருணைக்கு இலத்தீனில் வழியுணவு என்று பொருள்படும் பெயர் உண்டு. நம் பழந்தமிழில் அதற்கு 'ஆற்றுணா' என்ற அழகான சொல்லே இருக்கிறது. பாட்டிக்குக் கட்டுச்சோறு என்று சொன்னால் உடனே விளங்கும்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்): எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து நன்மை வாங்குகிறோம். ஆனால் கல்லறை எங்கள் தெருவுக்குத் தனி. திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வராது. நற்கருணையின் பொருள் என்ன என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பதில்: இதற்கு விளக்கம் சொல்லித் தப்ப எனக்கு மனமில்லை. நற்கருணை ஏற்படுத்தப்பட்ட வரலாற்றைப் புனித பவுல் எழுதியதே இப்படிப்பட்ட ஒரு சபையைக் கண்டித்துத்தான். கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்து அன்று என்று அவர் நேராகவே எழுதினார். உடலை இன்னதென்று உணராமல் உண்பவர் தமக்கே தண்டனைத் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறார் என்ற எச்சரிக்கையை நாம் தனிமனிதப் பாவங்களுக்கே பொருத்திப் படிக்கப் பழகிவிட்டோம். அது எழுந்த இடம் பந்தியில் காட்டிய பாகுபாடு. கோவிலில் பட்டுத் துணியால் கிறிஸ்துவைப் போற்றிவிட்டு, வெளியே குளிரில் ஆடையின்றி நிற்கும் அவரைப் புறக்கணிக்காதீர்கள் என்று புனித யோவான் கிறிசோஸ்தோம் மறையுரை ஆற்றி ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

நம் வரலாறும் தெரிந்ததே. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில், கோவிலுக்குள் மக்களைச் சாதிவாரியாகப் பிரித்த தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டபோது, அதைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். சுவரைக் கேட்டவர்களும் ஞாயிறுதோறும் 'ஆமென்' சொன்னவர்களே. உங்கள் ஊர்க் கல்லறைக்குப் பூட்டுப் போட்டவர்களும் சொல்கிறார்கள். கிறிஸ்துவின் உடல் பாதிதான் என்று அந்த ஆமெனைத் திருத்திச் சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. ஆகவே அவர்கள் சொல்வது பொய்யாகிறது. அவர்கள் பொய் சொல்வதால் அப்பத்தில் இருப்பவர் இல்லாமல் போய்விடுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். நீங்கள் வரிசையை விட்டு விலக வேண்டாம். கல்லறை விவகாரத்தை எழுத்தில் ஆயருக்கு அனுப்புங்கள், தனியாக அல்லாமல் தெருவாகக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

கேள்வி: சனிக்கிழமை காலை திருமணப் பூசையிலும், ஞாயிறுக்காக அன்று மாலையிலேயே நடக்கும் திருப்பலியிலும் நன்மை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஒரே நாளில் இரண்டாம் முறை வாங்குவதானால், முழுத் திருப்பலியில் பங்கேற்று, அதற்குள்தான் வாங்க வேண்டும். மூன்றாம் முறை இல்லை. மரண ஆபத்தில் இருப்பவருக்கு மட்டும் எந்தக் கணக்கும் கிடையாது.