கடையில் ஒருவர் திருடுவதைப் பார்த்தால் என்ன செய்வது? ஊழியர்கள் ஏன் உடனே பிடிப்பதில்லை?

சத்தம் போடாதீர்கள், பின்னால் போகாதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் எந்த வரிசை, என்ன நிறச் சட்டை, என்ன பொருள் என்று மெதுவாகச் சொன்னால் போதும். கட்டாயம் சொல்லுங்கள். சில கடைகளில் ஸ்டாக் குறைந்தால் அந்தப் பிரிவில் நிற்கும் பிள்ளைகளின் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். பெரிய அநியாயம் அது.

ஊழியர் உடனே பாயாமல் இருப்பது அலட்சியம் அல்ல. ஒருவர் சாக்லேட்டைக் கைப்பைக்குள் போட்டாலும், பில் கவுண்டரைத் தாண்டும் வரை "காசு கொடுக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிடலாம். அதனால் அனுபவமுள்ளவர் அருகில் போய், "அக்கா, கூடை வேணுமா?" என்று கேட்பார். நம்மைக் கவனிக்கிறார்கள் என்று புரிந்ததும் பலர் பொருளை அங்கேயே வைத்துவிடுவார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, தாண்டிவிட்டால்? தனியாக அழைத்து பில்லைக் கேட்பார்கள், கேமராப் பதிவைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் போலீஸுக்குச் சொல்வார்கள். அடித்தாலோ அறையில் பூட்டிவைத்தாலோ கடைக்காரர் மேலேயே வழக்கு வரும். நீங்களும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 303(2) பிரிவுப்படி திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ், முதல் முறை, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் அதே பிரிவில் சமூக சேவைதான் தண்டனை.