கறண்ட் போனால் கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள்

தம்பி, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்டில் குடும்பத்தோடு இருக்கிறேன், குளிர்காலத்தில் கறண்ட் போனால் என்ன வாங்கி வைக்கவேண்டும், ஜெனரேற்றர் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். வாடகை வீட்டில் ஜெனரேற்றரை எங்கே வைக்கப் போகிறீர்கள், அதை விடுங்கள். எனக்குச் சொல்ல வேறு இருக்கிறது.

2013 டிசம்பர், கிறிஸ்மஸுக்கு இரண்டு மூன்று நாள் முன். மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து வயர்களில் விழ, ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகள் இருண்டுபோயின. நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டாவது குளிர் அது. காஸ் ஹீற்றர்தானே, கறண்ட் போனால் என்ன என்று இருந்துவிட்டேன். சூட்டை ஊதித் தள்ளுகிற விசிறிக்குக் கறண்ட் வேண்டும் என்பது விடியக் கால் விறைத்தபோதுதான் விளங்கியது.

90க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கறண்ட் இல்லாமல் இருந்தவனுக்கு இது ஒரு விஷயமா என்ற திமிர் வேறு. வெளியே கிடந்த கரி பார்பிகியூவைத் தூக்கி வந்து குசினிக்குள் மூட்டினேன். மனைவி தலையிடி என்றாள், மகன் சத்தி எடுத்தான். குளிர்தான் பிடித்துவிட்டது என்று நான் இன்னும் நாலு கரி போட்டேன்! மெழுகுதிரி தர இறங்கி வந்த மேல்வீட்டு அம்மா அடுப்பைக் கண்டு போட்ட கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

கரியில் வரும் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஊரில் ஓட்டு இடுக்காலும் யன்னலாலும் போய்விடும். இங்கே வீடு என்பது குளிர் புகாமல் அடைத்த பெட்டி. ஆகவே பற்றரியில் ஓடும் கார்பன் மொனொக்சைட் அலாரம் முதலில். பொரிக்கும்போது கத்துகிறது என்று புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி வைக்கிற நம்மவர்கள் நிறையப் பேர், அவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். கராஜுக்குள் காரை ஸ்ராட் பண்ணிக் குளிர்காய்வதும் இதே வேலைதான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். மூன்று நாளுக்குத் தண்ணீர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர், ரோச், தகரத்தில் அடைத்த சாப்பாடு, கம்பளி. பிரிட்ஜைச் சும்மா சும்மா திறக்கவேண்டாம்.

விளக்கு என்றால் எனக்கு அந்த நாளில் யாழ்ப்பாணத்தில் கொளுத்திய ஜாம் போத்தல் விளக்குத்தான் நினைவு. அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் நனையுமளவு மண்ணெண்ணெய், ஒரு திரி. பாட்டுக் கேட்கவேண்டும் என்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம், என் கூடப்பிறந்த தம்பிக்குக் கை நோக றேடியோவில் பாட்டு இழுபடும்.