டியூப் போட்டாச்சு, இனி ஆபரேஷன்தானா?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. உசிலம்பட்டி பக்கம் கிராமம். இருபது வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. போன வாரம் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த ராத்திரி, ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டு துடித்துவிட்டார். சளிக்காக மெடிக்கலில் வாங்கிய மாத்திரையை இரண்டு நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூப் போட்டார்கள். மறுநாளே ரத்தம் எடுத்துப் பார்த்து, "பி.எஸ்.ஏ. 14 இருக்கிறது, புற்றுநோயாகக்கூட இருக்கலாம், உடனே ஆபரேஷன், ஒன்றே முக்கால் லட்சம்" என்றார்கள். பயந்துபோய் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனால், பாதி நாள் நிற்கவைத்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அங்கே வாசலில் பழக்கமான ஒருவர், "காப்பீட்டு கார்டில் முடித்துத் தருகிறேன், முப்பதாயிரம் மட்டும் கையில் கொடுங்கள்" என்கிறார். டியூபைச் சுற்றி ஒழுகுகிறது. அப்பா எரிச்சலில் அதைப் பிடித்து இழுக்கிறார். தண்ணீர் குடிக்கவும் பயப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த முப்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் அப்பாவுக்கு வந்த அவசரம், டியூப் உள்ளே போய்ச் சிறுநீர் இறங்கியதோடு முடிந்துவிட்டது. இப்போது உங்களை அவசரப்படுத்துவது நோய் இல்லை, ஆட்கள். சிறுநீர்ப்பையின் வாய்ப்பக்கம் புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. ஆண்களுக்கு வயதாக ஆக அது பெரிதாகிக்கொண்டே போகும். கண்மாய் மடையில் வருஷக்கணக்காக மண் சேர்ந்து தண்ணீர் ஒல்லியாகப் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு நாள் ஒரு கட்டை வந்து சிக்கினால் சுத்தமாக நின்றுவிடும் இல்லையா, அப்படித்தான். சளி மாத்திரைகள் பலவற்றில் பையின் கழுத்தை இறுக்குகிற மருந்தோ, பையைச் சோம்பலாக்குகிற மருந்தோ இருக்கும். அதோடு பஸ்ஸில் அடக்கி வைத்திருந்தது, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்தால் போதும். இனி எந்த மெடிக்கலிலும் "சளிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்று வாங்கவே கூடாது.

பி.எஸ்.ஏ. விஷயத்துக்கு வருகிறேன். புராஸ்டேட்டிலிருந்து ரத்தத்தில் கலக்கிற ஒரு புரதம் அது. நாலுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அடைப்பு வந்தாலும் ஏறும், டியூப் போட்டாலும் ஏறும், சிறுநீரில் கிருமி இருந்தாலும் ஏறும். அடைத்த மறுநாள் டியூபோடு எடுத்த 14 எதையும் சொல்லாது. அந்த நேரத்தில் அந்தச் சோதனையை எழுதியிருக்கவே கூடாது. ஆறு வாரம் கழித்து, கிருமி இல்லை என்று பார்த்துக்கொண்டு மறுபடி எடுங்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறொன்று இருக்கிறது. மருத்துவர் கையுறை போட்டுக்கொண்டு ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பது. ஒரு நிமிஷ வேலை. கல் மாதிரிக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். உங்கள் அப்பாவுக்கு யாராவது இதைச் செய்தார்களா? கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். விரலுக்கு பில் கிடையாது, கமிஷனும் கிடையாது.

இப்போதைக்குச் செய்யக்கூடியது, பையின் கழுத்தைத் தளர்த்துகிற டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரையை மருத்துவரிடம் எழுதி வாங்கி, இரவு சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பது. மூன்று நாளாவது உள்ளே போன பிறகு டியூபை எடுத்துப் பார்க்கலாம். பாதிப் பேருக்காவது சிறுநீர் தானாகப் போகும். எடுப்பதைக் காலையில் எடுக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் எடுத்துவிட்டு ஆரப்பாளையத்தில் கடைசி பஸ் பிடித்து ஊருக்குப் போனால், நடுராத்திரி அடைத்துக்கொள்ளும்போது ஒருவரும் இருக்க மாட்டார்கள். மதியம் வரை அங்கேயே இருந்து, சிறுநீர் போன பிறகு சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து வெடுக்கென்று எழுந்தால் தலை சுற்றும். கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், கருவிழிப்படலம் தளர்ந்து அவருக்குத் தொல்லை கொடுக்கும். கண் ஆபரேஷனுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இதை நம் ஆட்கள் பாதிப் பேர் சொல்வதில்லை.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம், காரணம் அந்த இருபது வருஷச் சர்க்கரை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். சர்க்கரை, காலில் மரத்துப்போவதைப் போலவே சிறுநீர்ப்பையின் நரம்பையும் மரக்கவைக்கும். பை நிறைந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அழுத்தித் தள்ளப் பைக்குத் தெம்பு இருக்காது. அப்படிப்பட்டவருக்கு வழியைச் சுரண்டி அகலமாக்கினாலும் சிறுநீர் சரியாக இறங்காமல் போகலாம். ஆபரேஷன் முடிந்து மறுபடி டியூபோடு வீடு திரும்பி, "காசையும் வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டாங்க" என்று திட்டுகிற குடும்பங்களில் பல இந்த வகைதான். அதனால் டியூப் போட்ட அன்று எவ்வளவு சிறுநீர் வந்தது என்பதை விசாரியுங்கள். ஐந்நூறு, அறுநூறு மில்லி வந்து, வலியில் துடித்திருந்தால் பையில் உணர்ச்சியும் தெம்பும் இருக்கிறது என்று நம்பலாம். அவர் துடித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. ஒரு லிட்டருக்கு மேல் வந்திருந்தால் மாதக்கணக்காகவே தேங்கியிருந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையும் சிறுநீரக ஸ்கேனும் பார்க்காமல் டியூபை எடுக்கவே கூடாது. ஆபரேஷனுக்கு முன்னால் பையின் அழுத்தத்தை அளக்கிற யூரோடைனமிக் சோதனையும் வேண்டும். பை முற்றிலும் சோர்ந்திருந்தால், நாளைக்கு நாலைந்து முறை சின்னக் குழாயைத் தானே விட்டுச் சிறுநீரை எடுத்துவிடப் பழக்குவோம். கேட்க பயமாக இருக்கும், பழகியவர்கள் அதோடு வயல் வேலைக்கே போகிறார்கள்.

அந்த ஒரு லிட்டரா, அரை லிட்டரா என்ற எண் உங்கள் சீட்டில் இருக்காது என்று இங்கே உட்கார்ந்தே சொல்வேன். டியூப் போட்ட தேதி, வந்த அளவு, டியூப் நழுவாமல் உள்ளே ஊதிவைக்கிற பலூனில் எத்தனை மில்லி, எடுக்க வேண்டிய தேதி, இதை எழுத ஒரு நிமிஷம் ஆகாது. எழுத மாட்டார்கள். பதினைந்து பக்கத்துக்கு பில் மட்டும் வரும். "அடுத்த மாதம் வா" என்று சொன்னவரும் எதற்காக, எந்தத் தேதிக்கு, அதுவரை டியூபை என்ன செய்வது என்று சொல்லவில்லை பாருங்கள். நூறு பேர் வரிசையில் நின்றால் அவரும்தான் என்ன செய்வார் என்று நியாயம் பேசலாம். நான் பேச மாட்டேன். நாலு வரிதானே.

சரி, வாசலில் நிற்கும் அந்த மனிதர். ஆம்புலன்ஸ் ஸ்டாண்டிலும், டீக்கடையிலும், லேப் வாசலிலும் இவர்கள் இருப்பார்கள். சிலர் கழுத்தில் அட்டைகூடத் தொங்கும், பி.ஆர்.ஓ., அதாவது ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு ஆள் என்பார்கள். "அண்ணே, நம்ம ஊர்க்காரர்" என்று ஆரம்பிப்பார்கள். உங்களிடம் ஒரு பங்கு, நீங்கள் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பங்கு. மருத்துவர்கள் நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் கொடுக்கவும் வாங்கவும் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. விதி புத்தகத்துக்குள் சௌக்கியமாக இருக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-லிருந்து நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை. கார்டு இல்லையென்றால் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். அட்டையில் பெயர் இருப்பவர்கள் நேரில் வர வேண்டும். கார்டு இருந்தால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் அதற்கென்றே தனி மேசை இருக்கும். நேராக அங்கே போய், "புராஸ்டேட் ஆபரேஷன் இந்த ஆஸ்பத்திரியில் கார்டில் உண்டா?" என்று கேளுங்கள். உண்டு என்றால் அதற்காகக் கையில் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. "கார்டு பாதி, கை பாதி" என்று யார் சொன்னாலும் அது ஏமாற்று, 104 என்கிற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். "லேசர்தான் நல்லது, கார்டில் லேசர் வராது" என்று இன்னொரு வலை விரிப்பார்கள். சிறுநீர் வரும் வழியாகவே கருவியை விட்டுப் புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கிற டி.யு.ஆர்.பி. என்கிற பழைய முறையே உங்கள் அப்பாவுக்குப் போதும். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் யூராலஜி என்கிற சிறுநீர்ப்பாதை நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. காத்திருக்கத்தான் வேண்டும், டியூப் இருக்கும்போது காத்திருக்கலாம்.

ஒழுகுவதைப் பற்றி: டியூப் சிறிதாக இருப்பதால் ஒழுகுகிறது என்று பெரிய டியூப் மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். பை சுருங்கி டியூபைத் தள்ளப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் ஒழுகும். முதலில் மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால் இழுபடாது, அப்பாவும் தொட மாட்டார். உள்ளே பலூன் ஊதியிருக்கும்போது பிடித்து இழுத்தால் ரத்தம் கொட்டும் என்று அவரிடமே சொல்லுங்கள். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே. பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள், சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். டியூப் இருக்கும்வரை சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல் இல்லாமல் அதற்கு ஆன்டிபயாடிக் போடாதீர்கள்.

தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர். டியூப் எடுத்த பிறகு இரவு ஏழு மணிக்கு மேல் குறைத்துக்கொண்டால் போதும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ, இரண்டு மணி நேரமாக யூரின் பையில் ஒன்றுமே இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.