இரட்சிப்பு அன்றாடம் தருவது என்ன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான் இரட்சிக்கப்பட்டுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஞானஸ்நானமும் பெற்றிருக்கிறேன். ஆனால் கடன் தீரவில்லை, வீட்டில் நோய் நீங்கவில்லை, வேலை செய்யும் இடத்தில் மதிப்பும் கூடவில்லை. சபையில் சாட்சி நேரத்தில் மற்றவர்கள் எழுந்து தாங்கள் பெற்ற நன்மைகளைச் சொல்லும்போது நான் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். மரித்தபின் பரலோகம் உண்டு என்று நம்புகிறேன். அதுவரைக்கும் இரட்சிப்பினால் எனக்கு என்ன பலன்?

பதில்: சகோதரி, கடன், நோய், மதிப்பு என்று மூன்று காரியங்களை எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் ஒன்றையும் இரட்சிப்பின் அளவுகோலாக அப்போஸ்தலர்கள் வைக்கவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். பவுல் தம் உடன் பயணியான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறும் அடிக்கடி உண்டாகிற பலவீனங்களும் இருந்தன (1 தீமோத்தேயு 5:23). பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளை, அதாவது தம்மை வாட்டிய ஒரு பாட்டை, நீக்கும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டும், கிடைத்த பதில் ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்பதே. இவர்களுடைய இரட்சிப்பை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. தேவன் சுகம் தருகிறார், தேவைகளைச் சந்திக்கிறார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணுகிறவர் என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது, அப்படிப்பட்ட நன்மைகள் கூடுவதையும் குறைவதையும் கொண்டு ஒருவருடைய இரட்சிப்பை எடைபோட முடியாது. சாட்சி நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்லபடியாக முடிந்த காரியங்களை மட்டுமே அங்கே சொல்லலாம் என்ற பழக்கத்தை நாமே உண்டாக்கிவிட்டோம். அதனால் இன்னும் முடியாத பாடுகளோடு உட்கார்ந்திருக்கிறவர்கள், தங்களிடத்தில் சாட்சியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் பலன் எங்கே இருக்கிறது? ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் முதலாவது சொல்வது, ‘தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்’ என்பது. இந்தச் சமாதானத்தை நாம் பெரும்பாலும் மன அமைதி என்று வாசித்துவிடுகிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் 10-ஆம் வசனம் ‘சத்துருக்களாயிருக்கையில்’ என்று சொல்வதால், இங்கே பேசப்படுவது நம் மனநிலை அல்ல, பகை தீர்ந்துபோன உறவு. இதன் பலனை நீங்கள் துன்பம் வரும் நாளில்தான் காண்பீர்கள். வீட்டில் நோய் வரும்போது, ‘எந்தப் பாவத்துக்காக ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறார்?’ என்ற கேள்வி நோயைவிடக் கொடுமையாக மனிதரை வாட்டுவதுண்டு. கிறிஸ்துவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8:1 சொல்வதை நம்புகிறவர், அதே நோயையும் அதே மருத்துவச் செலவையும் சந்திக்கிறார். அந்தக் கேள்வியை மட்டும் சுமப்பதில்லை. இது சிறிய விடுதலை என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ஜெபம். ‘தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்’ என்கிறது எபிரெயர் 4:16. நமது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, யாத்திராகமத்தில் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் வைக்கப்பட்ட பொன்மூடியையும் இதே ‘கிருபாசனம்’ என்ற சொல்லால் குறிக்கிறது. மூலமொழிகளில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். ஆயினும் தமிழில் வாசிக்கிறவருக்கு இந்த ஒரே சொல் ஓர் அருமையான வெளிச்சத்தைத் தருகிறது. அந்தக் கிருபாசனம் இருந்த மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியர் ஒருவர்மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை, இரத்தத்தோடு பிரவேசித்தார். இப்பொழுதோ கடன்காரர் வாசலில் நிற்கிற நேரத்தில், சமையலறையில் நின்றபடியே நீங்கள் அங்கே போகலாம். வசனமும் ‘ஏற்ற சமயத்தில்’ கிடைக்கிற சகாயத்தைப் பற்றியே பேசுகிறது.

சங்கீதம் 68:19-ஐயும் எடுத்து வாசியுங்கள். ‘பாரஞ்சுமத்தினாலும் நம்மை இரட்சிக்கிற தேவன்’ என்பது நம் பழைய மொழிபெயர்ப்பின் வாசகம். தேவன் நம் பாரத்தைச் சுமக்கிறார் என்று மொழிபெயர்க்கிறவர்களும் உண்டு, அதற்கு எபிரெய மூலம் இடங்கொடுக்கிறது. எப்படி வாசித்தாலும், பாரமும் இரட்சிப்பும் அந்த ஒரே வசனத்துக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

இன்னொரு பலனும் உண்டு; அது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஒரு வேலைக்காரனுக்கு ராஜா 10,000 தாலந்து கடனை மன்னித்துவிட்டார். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆகவே மன்னிக்கப்பட்டது 6 கோடி நாள் கூலி. அவனோ வெளியே போய், தனக்கு 100 வெள்ளிப்பணம், அதாவது மூன்று மாதத்துக்குச் சற்று மேற்பட்ட கூலி, தரவேண்டியவனுடைய தொண்டையை நெரித்தான். கடன் தீர்ந்தவன் என்று ராஜாவின் கணக்குப் புத்தகம் சொல்கிறது. அவன் கைகளோ இன்னும் கடன்பட்டவனுடைய கைகளாகவே இருக்கின்றன. இரட்சிப்பின் அன்றாடப் பலனை நான் முக்கியமாக இங்கேதான் தேடுவேன். ஒருவர் உங்களை அவமானப்படுத்திய பின்பு அதை எத்தனை நாள் மனதில் வைத்திருக்கிறீர்கள், முன்பு எத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத உறவினரைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது? இந்தப் பதினோரு ஆண்டுகளில் நீங்கள் நெரிக்காமல் விட்ட தொண்டைகள் சில இருக்கக்கூடும். அவற்றை யாரும் எழுந்து சாட்சியாகச் சொல்வதில்லை. உங்களுக்கே அவை நினைவில் இல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: கிருபையினால் இரட்சிக்கப்பட்டோம் என்று எபேசியர் 2:8 சொல்கிறது. பிலிப்பியர் 2:12 ‘உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்’ என்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரி. இரட்சிப்பைப் பவுல் மூன்று காலங்களிலும் பேசுகிறார். நீங்கள் காட்டிய எபேசியர் வசனத்தில் அது நடந்து முடிந்தது. 1 கொரிந்தியர் 1:18-ல் ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’ என்று நடந்துகொண்டிருக்கிறது. ரோமர் 13:11-ல் முன்னைவிட அதிக சமீபமாய் வந்துகொண்டிருக்கிறது. பிலிப்பியருக்கு அவர் எழுதியது, ஏற்கெனவே பெற்றதை நடைமுறையில் வெளிப்படுத்துவதைப் பற்றியது. அந்தப் பிரயாசத்துக்கான விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது. நம்மில் பலர் 12-ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுப் பயப்படுகிறோம். 14-ஆம் வசனம் வரை வாசித்தால், அந்தப் பிரயாசம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதும் தெரியும்: ‘முறுமுறுப்பில்லாமலும் தர்க்கிப்பில்லாமலும்’ எல்லாவற்றையும் செய்வதில். ‘உங்கள்’ என்பது அங்கே சபை முழுவதையும் நோக்கிச் சொல்லப்பட்டது. அந்தச் சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு ஊழியக்காரிகள் ஒத்துப்போகாமல் இருந்ததை 4-ஆம் அதிகாரத்தில் பார்க்கிறோம்.

கேள்வி: அறிக்கையிட்டு விட்டுவிட்டேன் என்று நினைத்த கோபம் மீண்டும் மீண்டும் வருகிறது. என் இரட்சிப்பை இழந்துவிட்டேனா?

பதில்: 51-ஆம் சங்கீதத்தில் தாவீது திரும்பக் கேட்டது ‘இரட்சணியத்தின் சந்தோஷத்தை’. சந்தோஷம் போய்விட்டதை அவர் உணர்ந்தார். ஆனாலும் அதைக் கேட்பதற்கு அவர் போன இடம் தேவசந்நிதியே. இரட்சிப்பை இழக்கவே முடியாது என்று போதிக்கிற சபைகளும் உண்டு. மனமறிந்து விசுவாசத்தைத் துறக்கிறவர் இழக்கக்கூடும் என்று போதிக்கிற சபைகளும் உண்டு. அந்த விவாதத்தை இந்தப் பக்கத்தில் முடிக்க இயலாது. இடறி விழுந்து அதற்காகத் துக்கப்படுகிறவர் விசுவாசத்தைத் துறந்தவர் அல்லர் என்பதை இரு சாராருமே ஒப்புக்கொள்கிறார்கள். பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிக்கிறார் என்று சொல்கிற 1 யோவான் 1:9 விசுவாசிகளுக்கு எழுதப்பட்ட வசனம். அறிக்கையிடுங்கள்; தேவனிடத்தில் மட்டுமல்ல, யாரிடம் கோபத்தைக் காட்டினீர்களோ அவரிடத்திலும் அன்றைக்கே போய்ப் பேசுங்கள். கோபம் குறைவதற்கு இது நல்ல மருந்து என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து, சற்று வெட்கத்தோடு, எழுதுகிறேன்.

கேள்வி: இரட்சிக்கப்படுவதற்கு முன், வேலை செய்த இடத்தில் கணக்கை மாற்றிப் பணம் எடுத்திருக்கிறேன். தேவன் மன்னித்துவிட்டார். இனி அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: கொடுக்க வேண்டும். லூக்கா 19-ஆம் அதிகாரத்தில் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகச் சொன்னபோது, இயேசு ஏற்கெனவே அவனுடைய வீட்டுக்கு வந்திருந்தார். பணத்தைக் கொடுத்து அவன் இரட்சிப்பை வாங்கவில்லை. ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்ற வார்த்தையோ, அவன் அப்படிச் சொன்ன பின்பே வருகிறது. தேவனுடைய மன்னிப்பு உங்களுக்கும் அவருக்கும் இடையிலுள்ள கணக்கைத் தீர்க்கிறது. முதலாளிக்கு நேர்ந்த நஷ்டம் அப்படியே இருக்கிறது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. அந்த அளவு நம்மைக் கட்டாயப்படுத்துகிறதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். முதலைத் திருப்பித் தருவதில் இருக்க முடியாது. அந்த முதலாளி இறந்துபோயிருந்தால் அவருடைய வாரிசுகளிடம் சேர்ப்பியுங்கள். வாரிசும் இல்லாத நிலைக்கு எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது: அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். போவதற்கு முன், இதனால் பாதிக்கப்படக்கூடிய உங்கள் வாழ்க்கைத் துணையிடம் முழுவதையும் சொல்லுங்கள். சட்டப்படியான விளைவு வருமோ என்ற அச்சம் இருந்தால் ஒரு வழக்கறிஞரையும் கலந்துகொள்ளுங்கள். தொகை பெரிதாக இருந்து தவணையாகத்தான் தர முடியும் என்றால், அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.