"தானே" என்று கேட்காதே

கேள்வி: கண்டியில் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். வார்டில் நடந்த செய்முறை மதிப்பீட்டில் இன்சுலினை வேறு நோயாளிக்குப் போடப் போனேன். டியூட்டர் தடுத்துவிட்டார். கை கழுவியது, அளவு, ஊசி போடும் இடம் எல்லாம் சரியாக இருந்தும் ஃபெயில். "லெட்சுமிதானே?" என்று கேட்டேன், அந்த அம்மாவும் தலையாட்டினார். வார்டில் இரண்டு லெட்சுமி இருந்தது என் குற்றமா? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்பதால் ஒதுக்குகிறாரோ? படிப்பை விட்டுவிடலாமா?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: ஃபெயில் போட்டது சரி, மகள். தோட்டத்துப் பிள்ளைகளை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நீ எழுதியதில் அது இல்லை.

அந்த அம்மா தலையாட்டியதை உனக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறாய். வெட்கமாயில்லையா? கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை "பதினாறு கிலோதானே?" என்றால், தராசு பதினெட்டு காட்டினாலும் தலையாட்டிவிட்டு நகர்கிற பெண்களை நீ பார்த்ததே இல்லையா? யூனிபோமில் போய் நின்றால் நீயும் அவருக்கு ஒரு துரைதான். காது மந்தமாக இருக்கலாம், காய்ச்சல் மயக்கமாக இருக்கலாம். சுற்றிலும் சிங்களம் கேட்கிற வார்டில் எதற்கும் ஆமாம் போட்டுப் பழகியிருக்கலாம். இதெல்லாம் டியூட்டரைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்க முழுப் பேரு என்னம்மா? வயசு?" என்று கேள். அவர் வாயால் வருவதை டிக்கெட்டோடு, அதாவது அவருடைய விபரம் எழுதிய கட்டில் அட்டையோடு, ஒப்பிடு. குறைந்தது இரண்டு அடையாளங்கள் பார்க்க வேண்டும், அறை இலக்கம் அதில் சேராது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2007-இலேயே சொல்லிவிட்டது. லெட்சுமிகள் நிறைந்த நம் பக்கத்துக்கு அது இன்னும் அவசியம்.

அளவு சரி என்கிறாய். யாருக்குச் சரி? தேவையில்லாத உடம்பில் இன்சுலின் ஏறினால் இரத்தத்தில் சீனி இறங்கி, வேர்த்து, நினைவு தப்பும். உயிரும் போகலாம். கை கழுவிய புள்ளியை வைத்து அதை ஈடுகட்ட முடியுமா?

படிப்பை விடாதே. அந்த அம்மாவிடம் தமிழில் பெயர் கேட்க அந்த வார்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? உன் அம்மா கொழுந்துக் கூடை சுமந்து படிக்க வைத்தது உனக்குச் சம்பளம் வர மட்டும் என்று நான் நினைக்கவில்லை. நாளை அவரும் அப்படியொரு கட்டிலில் கிடப்பார், அவரும் தலையாட்டுவார்.

நடந்ததை மறைக்காமல் வார்ட் சிஸ்டரிடம் எழுதிக் கொடு. இரண்டு லெட்சுமியின் டிக்கெட்டிலும் எச்சரிக்கை குறிக்கச் சொல். அப்புறம் ஒரு தோழியை, எதைக் கேட்டாலும் தலையாட்டும் நோயாளியாக நடிக்கச் சொல்லிப் பழகு. அவள் வாயிலிருந்து பெயரை வரவழைத்த பிறகு டியூட்டரிடம் மறு மதிப்பீடு கேள்.